மூணாவது வால்வு

பிரித்த இன்ஜினை மறுபடியும் பூட்டியாகிவிட்டது. வால்வு செட் பண்ணுவதுதான் பாக்கி. கார் ஷெட்டில் கணவன் குனிந்து, வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து இடைவெளி பார்த்தான். மனைவி டார்ச் பிடித்தாள். காது மந்தம் என்று சொல்லிக்கொள்ளும் அவளுடைய அப்பா, மூலையில் உட்கார்ந்து இன்ஜின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, மூணாவது வால்வை மட்டும் பழையபடி லூசாவே விட்டுடுங்களேன்.”

“டிக் டிக்னு சத்தம் போடும். கேக்கறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னாடி, தெருமுனையில அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.”

“எனக்கு மட்டும் என்னவாம்?” அவன் குரலைத் தாழ்த்தினான். “உங்கப்பாவோட இந்தக் கார் வருதுன்னு தெரிஞ்சதும், உங்க வீட்டுப் பின்சுவரை எகிறிக் குதிச்சு ஓடினவன் நான்!”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பாவம் அப்பா. ஊரான் வண்டிக்கெல்லாம் வால்வு சரிபண்ணிக் குடுப்பார். சொந்த வண்டியில மட்டும் அந்தச் சத்தத்தை நிறுத்தவே தெரியல.”

மூலையில் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“தெரியாம என்ன? ஒவ்வொரு தடவையும் நானேதான் அதை லூஸ் பண்ணி வெப்பேன்” என்றார் அப்பா, தலை நிமிராமலே. “சத்தமில்லாம வந்து உங்க ரெண்டு பேரையும் பார்த்துத் தொலைச்சா, அப்புறம் நான் கோபப்பட்டாகணுமே!”