பதினொரு மணிப் படம்

"இனிமே உங்க ஊருக்கு அரசாங்கப் படகு வராதும்மா. ஏன்னா, இது தீவே இல்லை!"

சியோலிலிருந்து வந்திருந்த கடற்கரை வரைபட அதிகாரி தாக் இப்படிச் சொன்னதும், ஊர்த் தலைவி மெங் அம்மாவுக்குத் திக்கென்றது.

"பத்தொன்பது குடும்பம் இருக்கோம், தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறதே அந்தப் படகுலதான்."

தாக் செயற்கைக்கோள் படத்தை விரித்தான். "போன மாசம் பகல் பதினொரு மணிக்கு எடுத்தது. கரையிலேருந்து உங்க ஊர் வரைக்கும் ஒரே நிலம். படத்தை விடுங்க, காலையில நானே கார்லதானே வந்தேன்? உங்க படகுத்துறைக்குக் கீழேதான் நிறுத்தியிருக்கேன்."

மெங் அம்மா சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். அதன்பிறகு கெஞ்சவே இல்லை.

"சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

சிப்பி போட்ட நூடுல்ஸ் வந்தது. சாப்பாடு போட்டு மடக்கப் பார்க்கிறாள் என்று தாக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். ஆனாலும் மூன்று கிண்ணம் காலி செய்து, பார்லித் தேநீரும் குடித்துவிட்டு, படகை நிறுத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கார் ஓட்டி வந்த மணல்வெளி முழுக்கக் கடல். காரின் கூரை மட்டும் தெரிந்தது. அந்த நாட்காட்டியில் அச்சடித்திருந்தது கடல் ஏறி இறங்கும் நேரங்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஐயோ, என் கார்! அம்மா, சீக்கிரம் ஒரு படகு சொல்லுங்க!"

மெங் அம்மா படத்தை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"நிலத்துல எதுக்கு தம்பி படகு? நடந்தே போங்க."