பதினெட்டாவது உரை

காலை பத்து மணிக்கு, புல்வெளிப் பேரவையில் நீர்யானை உறுப்பினர் மொபேசா மசோதாவின் பதினேழாவது பிரிவையும் எதிர்த்து முழங்கியது: "ஆற்றுத்துறையை முதலைகளுக்குக் கொடுக்கவே கூடாது!"

அவையே ஆரவாரித்தது. வரிக்குதிரை ருடோ மட்டும் சும்மா இருந்தது. துறை போனால் அதன் குட்டிகளுக்குத் தண்ணீரில்லை. ஓட்டெடுப்பு முடிந்ததும் அது அவைக்குறிப்பு எழுதும் கொக்கிடம் போனது.

"இவ்வளவு பேசறாரே, ஓட்டு எந்தப் பக்கம் போட்டார்?"

கொக்கு ஏட்டைப் புரட்டியது. "ஓட்டெடுப்பு மணி அடிச்சதும் வெளியே போயிடுவாரம்மா. சேற்றுக் குளியல்."

"பதினேழு தடவையுமா?"

"ஆமாம்மா."

"எந்தச் சேற்றுல?"

கொக்கு குரலைத் தாழ்த்தியது. "முதலைங்க குளத்துலதான்."

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மசோதாவின் இறுதி ஓட்டெடுப்பில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஆற்றுத்துறை முதலைகளுக்குப் போனது. அன்று காலை நீர்யானை பதினெட்டாவது முறையாக எதிர்த்துப் பேசியிருந்தது.