தனி ஆளுக்கு ரூம் இல்லை

“தனி ஆளுக்கு ரூம் இல்லை சார்.”

மேனேஜர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். லாட்ஜில் மொத்தமே பதினெட்டு அறைகள். அவருக்குப் பின்னால் பலகையில் பதினேழு சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

“அத்தனை சாவி தொங்குதே?” என்றார் வந்தவர். பல்செட் கட்டுவது அவர் தொழில். ஊரில் பாதிப் பேர் அவர் கட்டிக்கொடுத்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவர் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது.

“சாவி தொங்கும். ரூம் இல்லை. வேணும்னா ஒண்ணு பண்ணலாம். ஒன்பதாம் நம்பர்ல ரெண்டு கட்டில். காலையிலதான் ஒருத்தர் வந்தார், கூட இன்னொரு ஆளைப் போடுவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“எனக்குத் தனியாத்தான் வேணும்.”

“இந்தத் தெருவுல எங்க போனாலும் இதே பதில்தான் சார்.”

அது உண்மை. இது அவர் ஏறி இறங்கும் ஐந்தாவது லாட்ஜ். தோளில் இருந்த பையைக் கீழே வைத்தார்.

மேனேஜர் மாடிக்குப் போய் ஒன்பதாம் நம்பர்காரரிடம் சம்மதம் கேட்டுவிட்டு வந்தார். வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“சார், ஒரு உதவி. அந்த மனுஷன் ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். சம்சாரம் தவறி நாப்பது நாள்தான் ஆகுதாம். முகமே சரியில்லை. நாளைக் காலையில அவர் தம்பி வந்து கூட்டிட்டுப் போயிடுவார். அதுவரைக்கும் தனியா விட்டுடாதீங்க. நீங்க கவனிக்கிறது அவருக்குத் தெரியவும் கூடாது.”

பல்செட்காரர் பெருமூச்சு விட்டார். சரி, ஒரு நாள்தானே; நம் வேலையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அறையின் அகலம் எவ்வளவு என்றால், ஒருவர் தும்மினால் இன்னொருவர் போர்த்திக்கொள்ள வேண்டும். கண்டக்டர் எழுந்து வரவேற்றார்.

“வாங்க சார். ஜன்னலோரம் நான் படுத்துக்கறேன்.”

“வேண்டாம், ஜன்னலோரம் நான்.”

“வெயில் அடிக்கும் சார்.”

“எனக்கு வெயில்னா உயிர்.”

கடைசியில் ஜன்னலையே இழுத்துச் சாத்திவிட்டு, இருவரும் வேர்த்துக் கொட்ட எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

பத்தரை மணிக்கு டீ குடிக்கப் போனார்கள், சேர்ந்து. பேப்பர் வாங்கப் போனார்கள், சேர்ந்து. பல்செட்காரர் குளிக்கப் போனபோது கண்டக்டர் கதவுக்கு வெளியே நின்றார்.

“தாழ் போடாதீங்க சார், மாட்டிக்கும். பாடிக்கிட்டே குளிங்களேன், எனக்குப் பாட்டுன்னா பைத்தியம்.”

பல்செட்காரர் பிறந்ததிலிருந்து பாடியதில்லை. பாடினார். பக்கத்துக் கூரையில் இருந்த புறாக்கள் ஊரைவிட்டே போய்விட்டன என்று பிறகு சொன்னார்கள்.

மத்தியானம் கண்டக்டர் மெல்ல ஆரம்பித்தார். “வீட்ல யாரு சார் இருக்கா?”

“ஒரு பொண்ணு இருந்தா.”

பல்செட்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே அரிசி அளவுக்கு ஒரு பால்பல்.

“ஆயிரம் பேருக்குப் பல் செஞ்சு கொடுத்திருக்கேன். மிச்சம் நிக்கறது இது ஒண்ணுதான்.”

கண்டக்டர் அதை உள்ளங்கையில் வாங்கி, பார்த்து, சில்லறை கொடுப்பது போலக் கவனமாகத் திருப்பிக் கொடுத்தார்.

“முப்பது வருஷ சர்வீஸ் சார். கடைசி ஆள் இறங்காம நான் பஸ்ஸை விட்டு இறங்கினதே இல்லை,” என்றார். அவர் ஏன் தன்னையே பார்த்துக்கொண்டு அதைச் சொன்னார் என்று பல்செட்காரருக்கு விளங்கவில்லை.

ஐந்து மணிக்குக் கண்டக்டர் குளிக்கப் போனார். “நீங்க விசில் அடிங்க,” என்றார் பல்செட்காரர். அது தெருமுனை வரை கேட்கும் விசில். அது நிற்பதற்குள் திரும்பிவிடலாம் என்று கீழே ஓடினார்.

“என்னால முடியலை மேனேஜர். கவனிக்க வேண்டியவன் நானு. அந்த ஆள் என்னடான்னா என்னைக் கண் கொட்டாமப் பாக்கறார். என் பையை எடுத்துத் தன் தலைக்கு வெச்சுக்கிட்டார்!”

“நீங்க பாடிக்கிட்டிருந்தப்ப அவரும் ஓடிவந்து உங்களைப் பத்தி இதையேதான் சொன்னார்.”

“என்னைப் பத்தியா?”

“காலையில மேல போனேனே, உங்களைத் தனியா விடாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லத்தான் போனேன்.”

“அப்ப நாளைக்கு வர்ற அவர் தம்பி?”

“அவருக்கு யாருமே கிடையாது சார்.”

மேனேஜர் பதிவேட்டை மூடிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

“பதினெட்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். வெந்நீர் வருமான்னு கேப்பாங்க, மூட்டைப்பூச்சி இருக்கான்னு கேப்பாங்க. எதைக் கேக்காட்டியும், ரூமை எப்பக் காலி பண்ணணும்னு கேக்காம யாரும் சாவி வாங்கினதில்லை. இன்னைக்கு அப்படி ரெண்டு பேர் வந்தீங்க.”

மேலே விசில் நின்றது. பதறிப் படியேறிய பல்செட்காரர் மீது, தலையெல்லாம் சோப்பு நுரையோடு அவரைத் தேடி ஓடிவந்த கண்டக்டர் மோதினார்.