கண்ணாடியில் மிச்சம் ஏழு

மழைக்காக ஏற்றிவிட்ட டாக்சிக் கண்ணாடி மூச்சுப் பட்டு வெளுத்திருக்கிறது. அதில் ஸ்மிதா விரலால் 73939133 என்று எழுதுகிறாள். “ஜெய், இது ப்ரைம் நம்பர். தன்னையும் ஒண்ணையும் தவிர எதாலயும் வகுபடாது. கடைசிலேர்ந்து ஒவ்வொரு இலக்கமா அழிச்சுண்டே வா. மிச்சமும் ப்ரைமாவே நிக்கும்.” நடுவில் உட்கார்ந்திருக்கும் மனைவி சாதனாவின் மடிக்கு மேல் குனிந்து, ஆபீஸ் தோழி ஸ்மிதாவின் கன்னத்தோரம் கையை நீட்டி, ஜெய்ராம் அழிக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஓர் “அடடா!” காலையில் சாதனா கட்டிக்கொண்டு வந்து நின்ற புதுப்புடவைக்கு ஒரு “ம்”மோடு சரி. இப்போது கண்ணாடியில் ஏழு மட்டும். “பாத்தியா, இதுவும் வகுபடாது!” ஸ்மிதா சிரிக்கிறாள். சாதனா முந்தானையால் அதையும் துடைத்துவிடுகிறாள். “டாக்குரியா வந்தாச்சு ஸ்மிதா, நீ எறங்கணுமே.” துடைத்த இடத்தில் காளிகாட் கோயில் தெருவின் செம்பருத்தி மாலைக் கடைகள் நனைந்துகொண்டிருக்கின்றன. டாக்குரியா இன்னும் எவ்வளவோ தூரம்.