எங்கிருந்தாலும் உடனே வரவும்

"அண்ணாச்சி, மைக்குல ஒரு பேரைக் கூப்பிடணும்."

வேதமுத்து நிமிர்ந்து பார்த்தான். பந்தல் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முகமெல்லாம் வேர்வை. மூச்சு மேலும் கீழும் வாங்கியது.

"முதல்ல உக்காரு தாயி" என்று தன் ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தான்.

மாட்டுங்கா மைதானத்தில் அன்று மாலை யுத்த நிதிக் கலைவிழா. மதராஸிலிருந்து நடிகர் நடிகைகள் வருகிறார்கள் என்றதும் தாராவி, செம்பூர், தாணே என்று பம்பாயில் இருந்த தமிழன் அத்தனை பேரும் நாலு மணிக்கே வந்து அடைத்துக்கொண்டார்கள். அடுத்தவன் முதுகில் ஏறியாவது நடிகை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. என்ன ஜனங்களோ!

வேதமுத்துவுக்குக் கூட்டம் என்றாலே ஆகாது. தொண்டர் பேட்ஜைக் குத்திக்கொண்டபோதே, "கூட்டத்தைத் தடுக்கக் கயிறு பிடிக்க மட்டும் என்னை விடாதிய" என்று கெஞ்சிக் கூத்தாடி, காணாமற்போனவர்களைக் கூப்பிடும் இந்தப் பந்தலை வாங்கிக்கொண்டவன். அதனால் அந்தப் பெண்ணின் நடுக்கம் அவனுக்குச் சொல்லாமலே புரிந்தது.

"யாரைக் காணோம்?"

"எங்க வீட்டுக்காரரை. தனசீலன்."

"பேரை மட்டும் சொன்னா பத்து தனசீலன் வந்து நிப்பான். ஊரு?"

"வடக்கன்குளம். சவரிமுத்து மகன்."

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"வெள்ளைச் சட்டை. நீலக் கோடு போட்டது. கிறிஸ்மஸுக்கு எடுத்தது." யோசிக்காமல் பட்டென்று சொன்னாள்.

"உன் பேரு?"

"சேசம்மாள். தாராவி லேபர் கேம்ப்ல இருக்கேன். என் பேரை மைக்குல சொல்லாதிய அண்ணாச்சி. இத்தனை பேர் முன்னால பொம்பளை பேரு வேண்டாம்."

அதுவும் நியாயம்தான் என்று பட்டது. வேதமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"வடக்கன்குளம் சவரிமுத்து மகன் தனசீலன், வெள்ளைச் சட்டை, நீலக் கோடு, எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு இடப்பக்கம் உள்ள பந்தலுக்கு வரவும். உங்கள் மனைவி காத்திருக்கிறார்."

யாரும் வரவில்லை. அதற்குள் நடிகர்களின் கார் வந்துவிட்டது என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். மைதானமே எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூங்கில் தடுப்பு முறிந்தது. பந்தல் ஆடியது. சேசம்மாள் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டாள். வேதமுத்து மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நெஞ்சை அடைக்குது அண்ணாச்சி. எல்லாரும் என்னை ஏறி மிதிக்கப் போற மாதிரி இருக்கு."

"எனக்கும் அதே கதைதான். இவ்வளவு பயந்தவ எதுக்கு வந்தே? கோலியிலேயே கதவைச் சாத்திட்டுக் கிடந்திருக்கலாம்லா?"

"அவுக வராம இருக்கமாட்டாகளே. சினிமாக்காரங்கன்னா தலைகீழா நிப்பாக."

"சின்ன வயசுலயே இந்தப் பயம் உண்டா?"

"ஊர்ல தேர் வடத்தை ஒட்டி நிப்பேன். பம்பாய்க்கு வந்த பொறவுதான் இப்படி."

"எங்க விட்டுட்டுப் போனாரு?"

"அந்த மரத்தடியில. குடிக்கக் கலர் வாங்கியாறேன்னு போனாக. நான் நகரவே இல்ல அண்ணாச்சி. கூட்டந்தான் இடிச்சுத் தள்ளிட்டு."

வேதமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூட்டம் ஆகாதவளை நட்டநடுக் கூட்டத்தில் விட்டுவிட்டு நடிகையைப் பார்க்கப் போயிருக்கிறான் கடன்காரன்! மைக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"மிஸ்டர் தனசீலன்! வடக்கன்குளம் சவரிமுத்து மகன் தனசீலன்! கட்டின பெண்சாதி இங்கே மூச்சுத் திணறுகிறாள். நீர் என்ன அங்கே வேடிக்கை பார்க்கிறீர்? உடனே வாரும்!"

முன்வரிசை கைதட்டிச் சிரித்தது.

"வையாதிய அண்ணாச்சி" என்று சேசம்மாள் பதறினாள். "வராமப் போயிருவாக. எப்படியாவது இன்னைக்கு வரணும்."

அவள் கெஞ்சியதைக் கேட்க அவனுக்குப் பாவமாக இருந்தது. மறுபடி இரண்டு முறை, மரியாதையாகவே அழைத்தான்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மறு கையால் ஓர் ஆளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் டெரிலின் சட்டையும் கர்சீப்புமாகத் தலையைக் குனிந்தபடி வந்தான்.

"அண்ணாச்சி, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?" பிடித்த கையை விட்டுவிட்டுக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ஊரும் பேரும் அப்பா பேரும் இவுகளுது. சட்டை மட்டும் வேற. வேண்டாம் வேண்டாம்னாக, நாந்தான் ரெண்டுல ஒண்ணு கேட்டுருவோம்னு எங்க கோவண்டி ஏரியாக்காரங்க அத்தனை பேர் முன்னால இழுத்துட்டு வாறேன். பெண்சாதி காத்திருக்கா, பெண்சாதி காத்திருக்கான்னு கத்துறீய. நான் இவுக பக்கத்துலயேதானே உக்காந்திருக்கேன்! இங்க எந்தப் பெண்சாதி காத்திருக்கா?"

சேசம்மாள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவள் உடம்பில் நடுக்கம் நின்றிருந்தது.

"ஏழு வருசத்துக்கு முந்தி, இதே மைதானத்துல, ஒரு நாடகத்துக்குக் கூட்டியாந்து இவுக விட்டுட்டுப் போன பெண்சாதி" என்றாள்.

குழந்தைக்காரி புருஷனிடம் கேட்கத் திரும்பினாள். தனசீலன் கூட்டத்துக்குள் இறங்கி மறைந்துவிட்டிருந்தான்.