கூடப் பாடுகிறவள்

“அந்தப் பொண்ணை விட்டுடறேன்னு ஒரு வார்த்தை சொல்லு தம்பி. வர்ற ஞாயித்துக்கிழமையே மாதா கோயில் பூசையில கல்யாண ஓலை படிச்சு அறிவிக்கச் சொல்லிடறேன்” என்றார் பிரான்சிஸ்.

புகழேந்தியின் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வந்தவனுக்கு முதல் பேச்சே இதுவாக இருக்கும் என்று தெரியாது. பெரியவர்கள் கூடிப் பேசுவதற்கு முன்னால் பையன் மட்டும் ஒருமுறை வரட்டும் என்று சொல்லி அனுப்பியவர் பிரான்சிஸ்தான். கட்டட வேலை ஆட்களை அதட்டியே பழகிய மேஸ்திரி. வீட்டிலும் அதே குரல்தான்.

அவருடைய ஒரே மகள் அன்புச்செல்வி விழுப்புரத்தில் நர்ஸ். அவள் மனசுக்குப் பிடித்த புகழேந்தி மேடைப் பாடகன். மாதா கோயில் பாட்டுக் குழுவில் சின்ன வயதில் ஆரம்பித்தவன். இப்போது திருவிழா, காதுகுத்து, கல்யாணம் என்று மாவட்டம் முழுக்க அவன் குழுவுக்குக் கச்சேரி உண்டு. சனிக்கிழமையானால் புதுச்சேரி ஓட்டலில் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று இங்கிலீஷ் பாட்டு வேறு. அதிலெல்லாம் பிரான்சிஸுக்குக் குறையில்லை. குறையெல்லாம் கூடப் பாடுகிறவள் மேல்தான்.

பிரான்சிஸுக்குக் கூட்டம் என்றால் ஆகாது. திருவிழா அன்று பூசை முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துவிடுவார். தெருவிளக்குக் கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் கச்சேரியை அவர் தலைமாட்டுக்கே கொண்டுவந்து கொட்டிவிடும். மூன்று வருடமாகப் புகழேந்தியின் குழுதான் பாடுகிறது. அவர் ஒருநாளும் மேடைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மேஸ்திரியிடம் பாட்டுப் பேச்சு எடுக்கிற துணிச்சல் தெருவில் யாருக்கும் இருந்ததுமில்லை.

“நானும் கேட்டுக்கினுதான் இருக்கேன். நீ ஒரு வரி பாடினா, அவ அடுத்த வரி. அப்படி ஒட்டிக்கினு பாடறவங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்னா யார் நம்புவாங்க? மைக்ல உம் பேரைத்தான் சொல்றாங்க. அவ பேரை ஒருத்தனும் சொன்னதில்ல. எதுக்கு மறைக்கணும்?”

புகழேந்தி காபி டம்ளரைக் கையில் உருட்டினான். சொல்லிவிடலாம்தான். ஆனால் அன்புச்செல்வியைப் பார்ப்பதற்கு முன்னால் பண்ருட்டியில் பேசி வைத்த சம்பந்தம், இந்த விஷயம் தெரிந்துதான் முறிந்தது. அந்தப் பெண்ணின் தாய்மாமன் சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதில் இருந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்று அன்புச்செல்வியிடமும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“விட முடியாதுங்க” என்றான் மெதுவாக. “பனமலைத் திருவிழாவுல பாட வேண்டிய லேடி சிங்கர் வரல. ஜனங்க கல்லைத் தூக்கிட்டாங்க. அன்னிக்குக் காப்பாத்தினது இந்தக் குரல்தான். எங்க குழுவுக்குப் பேரு வந்ததே அதுக்கு அப்புறம்தான். உங்க பொண்ணுக்காக வேற எதை வேணாலும் விட்டுடறேங்க. இதை விட்டா நான் பாதி ஆளுதான்.”

உள்ளே கதவோரம் நின்றிருந்த அன்புச்செல்வி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிரான்சிஸ் அதைப் பார்த்துவிட்டார். தாயில்லாமல் வளர்ந்த பெண். அவள் கண் கலங்கினால் அவருக்குத் தாங்காது. மேஸ்திரியின் குரல் தானாக இறங்கியது.

“ஒண்ணு சொல்றேன் தம்பி. போன திருவிழாவுல ஒரு தாலாட்டு பாடிச்சே அந்தப் பொண்ணு... இவ அம்மா செத்தப்போகூட நான் அழுவல. அன்னிக்கு இந்தக் கட்டில்ல படுத்துக்கினு அழுதேன். கெட்ட மனசுக்காரிக்கு அப்படிப் பாட வராது. எனக்கும் புரியுது. நீ அவளை ஒருவாட்டி இங்க கூட்டிக்கினு வா. மூஞ்சியைப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்.”

புகழேந்தி அன்புச்செல்வியைப் பார்த்தான். அவள் வாயிலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டினாள். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

“கூட்டிக்கினுதாங்க வந்திருக்கேன்.”

பிரான்சிஸ் பதறிப்போய் பனியனுக்கு மேல் சட்டையை மாட்டினார். இன்னொரு காபி போடும்மா என்று மகளிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினார். தெருவில் ஒரு ஆட்டோகூட இல்லை. யாரையும் காணோமே என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாலாட்டு முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. அதே குழைவு, அதே இழுப்பு, அதே பெண் குரல்.

திரும்பினார். அன்புச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தது, பெரிய மீசை வைத்த புகழேந்தி.

பாட்டு முடியும் வரை நின்று கேட்டுவிட்டு, “ஞாயித்துக்கிழமை ஓலை படிக்கச் சொல்லிடறேன் மாப்ள” என்றார் பிரான்சிஸ், கண்ணைத் துடைத்தபடி. “அந்தப் பொண்ணையும் மறக்காம கூட்டிக்கினு வந்துடு.”