மரம் வெட்டிய கரை
மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவின் சோள வயல்களுக்கு நடுவே ஓடும் முழங்கால் ஆழ ஓடையில் ஆகஸ்ட் வெயில் தடையில்லாமல் இறங்குகிறது. இன்னும் நாலு வரிசை சோளம் போடலாம் என்று போன வருடம் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் கரையில் வெளுத்துக் கிடக்கின்றன. வேளாண் வளாகத்தின் ஆராய்ச்சி மாணவி றொஷினி தண்ணீரில் நிற்கிறாள். உலர்ந்த கை பட்டால் மீனின் வழவழப்பு உரிந்துவிடும் என்பதால் இரு கைகளையும் நனைத்துக்கொண்டு குளிர்ந்த நீரில் வாழும் ட்ரவுட் மீன் ஒன்றை வாளியிலிருந்து தூக்குகிறாள். உடல் மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது. உடன் படிக்கும் பிரவின்குமார் அதன் வாய்க்குள் மெல்லிய குழாயை நுழைத்துத் தண்ணீரைப் பீய்ச்சுகிறான். தின்றதெல்லாம் வெளியே வந்து வெள்ளைத் தட்டில் விழ வேண்டும். வெறும் தண்ணீர் விழுகிறது. “ஒரு பூச்சிகூட இல்லையே,” என்கிறான் அவன். “தண்ணில இலை விழுந்தாத்தானே பூச்சி வரும்.” “பாவம், விடுவம்,” என்கிறாள் றொஷினி. மீன் அவள் விரல்களுக்கிடையே சற்று மூச்சு வாங்கிவிட்டு நழுவுகிறது. தூரம் போகவில்லை. சூடேறிய கற்களை ஒருமுறை சுற்றி வந்து, தண்ணீரில் விழுந்திருக்கும் அவளுடைய நிழலுக்குள் நுழைந்து, நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கிறது. செவுள் மட்டும் திறந்து மூடுகிறது. பிரவின்குமார் வாளியைத் தூக்குகிறான். “வாங்க, அடுத்த இடத்துக்குப் போலாம்.” “நீங்கள் போங்கோ, நான் பேந்து வாறன்.” வெயில் அவள் பின்கழுத்தைச் சுடுகிறது. அவள் அசையாமல் நிற்கிறாள்.